ஆதிக் கிறிஸ்தவரும் உரோம சமூகமும்

ஒரு சிறு சமூகம் தனக்கென ஒரு நெறியை வகுத்துக்கொண்டு, அந்நெறியை ஏற்காத பெருஞ்சமூகத்தின் நடுவே வாழ நேருங்கால், எவ்வெவற்றில் ஊரோடு ஒத்தொழுகுவது, எவ்வெவற்றில் ஒதுங்கி நிற்பது என்னும் வினா நாள்தோறும் அதன் வாயிற்படியில் வந்து நிற்கும். அவ்வினா பெரும்பாலும் சாஸ்திர வாதமாக வருவதில்லை. இன்று உண்ணும் உணவு யாது, கைக்கொள்ளும் தொழில் யாது, பிள்ளையை எப்பள்ளிக்கு அனுப்புவது, இறந்தவரை எந்நிலத்தில் அடக்குவது என்று இல்லறத்தாரிடம் வருவதே அதன் இயல்பு. உரோம சாம்ராஜ்யத்தில் கிறிஸ்து சமயம் தோன்றிய முதற் சில நூற்றாண்டுகளில் அச்சமயத்தார் இவ்வினாவிற்கு எவ்வாறு விடை கண்டனர் என்பதைச் சரித்திரச் சான்றுகளைக்கொண்டு இவண் ஆராயப் புகுகின்றோம். சமய சித்தாந்தங்களின் மெய்ம்மையை எடைபோடுதல் நமது நோக்கமன்று. ஒரு சமூகத்தார் தம் அயலாரோடு வாழ்ந்த வரலாறு எச்சமயத்தார்க்கும் படிப்பினை தருவதாதலின், அதனையே எடுத்துக்கொண்டோம்.

இராயனுக்கு வரி கொடுத்தல் முறையோ என்று ஏசுநாதரை வினவியபொழுது, அவர் ஒரு வெள்ளிக்காசைக் கொண்டுவரச் செய்து, அரசனுக்குச் சேரவேண்டியதையும் கடவுளுக்குச் சேரவேண்டியதையும் தனித்தனியே செலுத்துமாறு விடையளித்தனர் என்று சுவிசேஷங்கள் கூறும். அக்காசு கி. பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியு சக்கரவர்த்தியின் தினாரியமாகலாம் என்பது அறிஞர் பலர் கருத்து. மிளகும் மணியும் கொள்ள வந்த யவனர் கொணர்ந்த அவ்வகைக் காசுகள் நமது கோயமுத்தூர்ப் பக்கத்திலும் புதையல்களாகக் கிடைத்திருக்கின்றன. ஆகவே, நாம் பேசப்புகும் உலகம் நம் முன்னோர்க்கு முற்றும் அயலானதன்று. நிற்க. அரசனுக்குரியது, கடவுளுக்குரியது என்று பிரித்துச் சொல்லுதல் எளிது. அவ்விரண்டிற்கும் நடுவே எல்லைக்கல்லை எங்கே நாட்டுவது என்பதே அரிதாயிற்று.

அரிதானமைக்குக் காரணம் உண்டு. உரோமருடைய தெய்வங்கள் கோயிலின் நாற்சுவருள் அடங்கியிருக்கவில்லை. நகரசபை கூடுவது பலியோடு; படைக்கொடிகள் வணக்கத்திற்குரியன; கூத்தும் தேரோட்டப் பந்தயமும் தெய்வங்களின் திருநாட்களில் நிகழ்வன; வீட்டு அடுப்பங்கரையிலும் குலதெய்வத்திற்கு இடமிருந்தது. ஆகவே, பலியினின்று விலகுவோர் ஊர்ப் பொதுவாழ்வின் பெரும்பகுதியினின்றும் விலகினவராயினர்.

உணவும் பந்தியும்

முதற் பிணக்கு உணவைப் பற்றியே எழுந்தது. அந்தியோகியா நகரில் யூதராய்ப் பிறந்த விசுவாசிகளும் பிற சாதியாராய்ப் பிறந்த விசுவாசிகளும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டுவந்தனர். எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடனே பேதுரு அப்பந்தியை விட்டு ஒதுங்கினர் என்றும், பவுல் அவரை முகத்திற்கு முன்பாகவே கண்டித்தனர் என்றும் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தால் அறிகின்றோம். புதிய சமூகம் ஒன்றே. பந்தி மட்டும் இரண்டாகலாமோ என்பதே அக்கண்டனத்தின் சாரம்.

அடுத்தது கொரிந்து நகரத்து இறைச்சி வழக்கு. பலியிட்ட விலங்குகளின் இறைச்சியில் எஞ்சியது கடைத்தெருவிற்கு விலைக்கு வருவதுண்டு. வாங்குவோன் அதன் வரலாற்றை எங்ஙனம் அறிவான்? ஏறக்குறைய கி. பி. 54-இல் எழுதிய நிருபத்தில் பவுல் இதற்கு நடுநிலையான ஒரு வழி காட்டினர். கடையில் விற்பதை விசாரணையின்றி வாங்கி உண்ணலாம். சமயம் வேறான அயலான் விருந்துக்கு அழைத்தால் சென்று இட்டதை உண்ணலாம். ஆனால், இது படைக்கப்பட்டது என்று ஒருவன் எடுத்துச் சொல்வானாயின், அவன் மனச்சாட்சியை முன்னிட்டு விலக்கவேண்டும். கோயிற் பந்தியிலோ அமரலாகாது. அயலானுடைய நட்பை அறுக்காமலும், தன் நெறியை இழக்காமலும், அறிவில் எளியவனான தோழனை இடறச் செய்யாமலும் ஒருவன் நடக்கவேண்டும் என்பதே இத்தீர்ப்பின் நுட்பம்.

எல்லாரும் இதனை ஒப்பினர் என்று எண்ணற்க. வெளிப்படுத்தின விசேஷம் என்னும் நூல் பெர்கமு, தியத்தீரா ஆகிய ஊர்ச்சபைகளில் படைத்ததை உண்டாரைக் கடுமையாக இடித்துரைக்கின்றது. பன்னிரு அப்போஸ்தலரின் போதகம் எனப்படும் பழைய கையேடும் அவ்வுணவை முற்றிலும் விலக்கச் சொல்லுகின்றது. ஒரே சமூகத்துள் இளகிய நெறியாரும் இறுகிய நெறியாரும் என இருதிறத்தார் தொடக்கமுதலே இருந்தனர்.

இவ்விலக்கு ஊர் வாணிகத்தையும் தாக்கியது. கி. பி. 112-ஐ ஒட்டிக் கருங்கடற்கரையிலுள்ள பித்தினியா, பொந்து நாடுகளின் தேசாதிபதியாயிருந்த பிளினி, டிராஜன் சக்கரவர்த்திக்கு எழுதிய கடிதத்தில், கோயில்கள் வெறிச்சோடிக் கிடந்தன என்றும், பலியிறைச்சியை வாங்குவாரே அரியராயிருந்தனர் என்றும், தாம் விசாரணை தொடங்கிய பின்னரே விற்பனை மீண்டது என்றும் குறிக்கின்றனர். சமயப் பகை என்று நாம் எண்ணுவதன் அடியில் வியாபார நஷ்டமும் கிடத்தல் உண்டு என்பது இதனால் விளங்கும்.

சங்கங்களும் சவ அடக்கமும்

இனி, நம் அங்கத்தினர்க்குத் தனிச் சுவை தரத்தக்க ஒரு விஷயத்திற்கு வருவோம். உரோம நாட்டு எளிய மக்கள் தமக்குள் பற்பல சங்கங்களை அமைத்திருந்தனர். இலனுவியம் என்னும் ஊரில் கி. பி. 136-இல் வெட்டப்பெற்ற கல்வெட்டொன்று அத்தகைய சங்கத்தின் விதிகளை நமக்குக் காட்டுகின்றது. டயானா தேவியின் பெயராலும் அந்தினோவின் பெயராலும் அமைந்த அச்சங்கத்திற் சேருவோன் 100 செஸ்தெர்சு காசும் ஒரு சாடி நல்ல மதுவும் செலுத்தவேண்டும். மாதச் சந்தா 5 செப்புக்காசு. சந்தா தவறாத அங்கத்தினன் இறந்தால் அவனது ஈமச்சடங்கிற்கு 300 செஸ்தெர்சு தரப்படும். அடிமையாயிருந்த அங்கத்தினன் விடுதலை பெறின் ஒரு சாடி மது அளித்தல் வேண்டும். விருந்தில் சண்டை மூட்டுவோர்க்கும் பிறரை இழித்துப் பேசுவோர்க்கும் அபராதம் விதிக்கப்பட்டது. சங்கம் நடத்துவோர் படும் பாடு எக்காலத்தும் ஒன்றே போலும்!

ஆயினும், ராஜாங்கத்தார் சங்கங்களை ஐயக்கண் கொண்டே நோக்கினர். நிக்கோமேதியா நகரில் பெருந்தீ எழுந்து பல கட்டடங்கள் அழிந்தபின், 150 பேர் கொண்ட ஒரு தீயணைப்புச் சங்கம் அமைக்க அநுமதி வேண்டும் என்று பிளினி விண்ணப்பித்தனர். டிராஜன் அதற்கும் இசையவில்லை. எப்பெயரிட்டு எக்காரணத்திற்காகக் கூடினாலும் நாளடைவில் அது அரசியற் கட்சியாகிவிடும் என்றும், தீயணைக்கும் கருவிகளை மட்டும் சேகரித்துவைத்தால் போதும் என்றும் மறுமொழி வந்தது. தீயணைப்போரையே நம்பாத அரசு, விடியுமுன் கூடிப் பாடும் ஒரு கூட்டத்தாரை எங்ஙனம் நம்பும்?

அக்கூட்டத்தார் செய்வது யாது என்று பிளினி விசாரித்தனர். குறித்த நாளில் வைகறையிற் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுதல், களவும் வழிப்பறியும் பிறன்மனை விழைவும் செய்யோம் என்று உறுதிபூணுதல், பின்னர் மீண்டும் கூடி எளிய உணவு உண்ணுதல் ஆகிய இவையே அவர் கேட்டறிந்தவை. சங்கங்களைத் தடுத்த உத்தரவு வெளிவந்தபின் அவ்வுணவுக் கூட்டத்தையும் அவர்கள் நிறுத்திவிட்டனராம். அரசாணைக்கு எவ்வளவு தூரம் இணங்கலாமோ அவ்வளவும் இணங்கினர். ஆயினும், சபையில் ஊழியம் செய்த அடிமைப் பெண்கள் இருவரைப் பிளினி சித்திரவதை செய்து வினவினர். அவர் கண்ட குற்றம், மிதமிஞ்சிய ஒரு மூடநம்பிக்கை என்பதன்றி வேறில்லை. கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டா; பெயரில்லாப் பிராதுகளை ஏற்க வேண்டா; குற்றம் நிரூபிக்கப்பட்டால் தண்டிக்க; தெய்வங்களை வணங்கினால் மன்னித்துவிடுக என்று டிராஜன் விடுத்த ஆணை நெடுங்காலம் வழக்கிலிருந்தது.

கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் கி. பி. 197-ஐ ஒட்டி வரைந்த தம் எதிர்வாத நூலில், தம்மவர் கூட்டத்தைச் சங்கங்களோடு ஒப்பிட்டே பேசுகின்றனர். அவர்களுக்கும் ஒரு பொதுப்பெட்டி உண்டு. மாதம் ஒருமுறை, விருப்பமும் இயல்பும் உள்ளவர் மட்டும் காசு இடுவர். அப்பொருள் குடிக்கும் கூத்திற்கும் செலவாவதில்லை. வறியோரை ஊட்டவும் அடக்கவும், தாய்தந்தையற்ற பிள்ளைகளையும் முதிர்ந்தோரையும் கப்பல் உடைந்து நலிந்தோரையும் காக்கவும், சமயம் காரணமாகச் சுரங்கத்திலும் தீவுகளிலும் சிறையிலும் வாடுவோர்க்கு உதவவும் அது பயன்பட்டது. சங்கத்தின் வடிவம் ஊரினின்றும் பெற்றது. அதன் செலவுக் கணக்கோ தமக்கே உரியது.

ஒத்ததும் ஒவ்வாததும்

கிறிஸ்தவர் ஊருக்குப் பயன்படாதவர் என்பது அக்காலத்துப் பெரும்பழி. தெர்த்துல்லியன் இதனை மறுக்கும் வகை நமக்கு வியப்பூட்டுவது. தாம் இந்தியாவின் பிராமணரையும் நிர்வாணத் துறவியரையும் போலக் காடு புகுந்து உலகவாழ்வைத் துறந்தவரல்லர் என்று நம் நாட்டாரையே எடுத்துக்காட்டி, தம்மவர் கடைத்தெரு, நீராடுமிடம், சத்திரம், வாரச்சந்தை எல்லாவற்றிலும் ஊராரோடு கலந்திருப்பவர் என்றும், அவர்களோடு கடலோடிப் படையில் நின்று உழுது வாணிகஞ் செய்பவர் என்றும் அவர் வாதிக்கின்றனர். சாம்பிராணி வாங்குவதில்லையே என்பார்க்கு, அரபுநாட்டு வணிகர் நஷ்டமடைய வேண்டா, இறந்த கிறிஸ்தவர்களை அடக்குவதற்கே அவர் சரக்கு மிகுதியும் செலவாகின்றது என்று நகைச்சுவைபடப் பதிலிறுக்கின்றனர்.

தியோக்நேத்து என்பவருக்கு எழுதப்பட்ட ஒரு பழைய மடலும் இக்கருத்தினதே. நாட்டாலோ மொழியாலோ உடையாலோ கிறிஸ்தவர் பிரித்தறியப்படுவதில்லை. எல்லாரையும் போல மணந்து மகப்பெறுகின்றனர். ஆனால் பெற்ற சிசுவை வெளியில் எறிவதில்லை. பந்தி பொது, படுக்கை பொதுவன்று என்பது அதன் சாரம். வேண்டாத சிசுவைத் தெருவோரத்தில் விட்டுவிடுதல் அந்நாளிற் பலர்க்கும் இயல்பான வழக்கமாதலால், இவ்விலக்கு மிகப் பெரியதொன்று என்க. இம்மடலின் ஒரே பழஞ்சுவடி பதினைந்தாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் மீன் விற்பான் கடைக் காகிதக் குவியலில் அகப்பட்டு, 1870-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகர முற்றுகையில் எரிந்துபோயிற்று. அதற்குள் படியெடுத்து அச்சிடப்பட்டமையால் நமக்குக் கிடைத்தது.

தொழில்களைப் பற்றியும் கண்டிப்பான விதிகள் எழுந்தன. ஹிப்போலித்து பெயரால் வழங்கும் ஒழுங்குநூல், சபையிற் சேர வருவோனது தொழிலை முதலில் வினவச் சொல்லுகின்றது. வாட்போர்க் களரியில் பொருவோனும் கோயிற் பூசாரியும் தம் தொழிலை விடவேண்டும். சிற்பியும் ஓவியனும் விக்கிரகம் செய்யலாகாது. படைவீரன் கொலைசெய்ய மறுக்கவேண்டும். பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் உபாத்தியாயன் அத்தொழிலை விடுதல் நலம். வேறு பிழைப்பு இல்லையேல் நடத்தலாம் என்பது விதி. வயிற்றுப்பாட்டை முற்றும் மறவாத சட்டம் இது.

அலெக்சாந்திரியாவிற் போதித்த கிளெமெந்து மோதிரத்திற்கும் விதி கூறினர். முத்திரை மோதிரத்தில் புறா, மீன், பாய்விரித்த கப்பல், யாழ், நங்கூரம் ஆகியவை பொறிக்கலாம். தெய்வ உருவமும், அமைதி நாடுவோர்க்கு வாளும் வில்லும், மிதமாகப் பருகுவோர்க்குக் கிண்ணமும் ஆகா என்றனர். யாழும் நங்கூரமும் முற்காலத்துக் கிரேக்க வேந்தர் அணிந்த முத்திரைகளே என்பதையும் அவரே சொல்லுகின்றனர். கடையிற் கிடைக்கும் சித்திரங்களுள் தமக்கிசைந்ததைத் தேர்ந்து, அதற்குத் தம் பொருளை ஏற்றினர் என்று கொள்ளுக. உரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆட்டைத் தோளிற் சுமந்த மேய்ப்பன் உருவம் காணப்படுகின்றது. அது கிரேக்கச் சிற்பிகள் நெடுங்காலம் கையாண்டுவந்த வடிவமே. மீனின் வயிற்றினின்றும் மீண்ட யோனா, பழங்கதையில் உறங்கும் எந்திமியோன் வடிவிலேயே படுத்திருக்கின்றனர். பாதாளத் தெய்வங்களுக்கு உரியது என்று பொருள்படும் வழக்கமான இரண்டெழுத்துக் குறி, கிறிஸ்தவர் கல்லறை சிலவற்றிலும் வெட்டப்பட்டிருக்கின்றது. கைப்பழக்கம் அத்துணை எளிதில் நீங்குவதன்று.

கல்வி

ஆதிக் கிறிஸ்தவர் தம் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தவில்லை. ஹோமரையும் வர்ஜிலையும், அவற்றிலுள்ள தெய்வக் கதைகளையும், ஊர்ப்பிள்ளைகளோடு உடனிருந்தே அவர்கள் பயின்றனர். ஆதேன்ஸ் நகரத்திற்கும் எருசலேமுக்கும் யாது தொடர்பு என்னும் கருத்துப்படக் கடிந்த தெர்த்துல்லியனே, அந்நூல்களைக் கற்பித்தல் தவறு, கற்றலோ தவிர்க்க முடியாதது என்று ஒப்புக்கொண்டனர். இதற்கு மாறாக, கி. பி. 165-ஐ ஒட்டி உரோமாபுரியில் உயிர்நீத்த யுஸ்தீன், கிறிஸ்தவரான பின்னும் தத்துவ ஞானியின் போர்வையைக் களையவில்லை. சோக்கிரதர் போன்ற சான்றோர் உள்ளத்திலும் தெய்வ அறிவின் வித்து இருந்தது என்பது அவர் துணிபு.

இக்கல்வியின் அருமை, அது பறிக்கப்பட்டபோதே நன்கு விளங்கியது. பழைய தெய்வ வழிபாட்டை மீண்டும் நிலைநாட்ட முயன்ற ஜூலியன் சக்கரவர்த்தி, கி. பி. 362-இல், அத்தெய்வங்களை நம்பாதார் அவற்றைப் பாடும் நூல்களைக் கற்பித்தல் ஆகாது என்று விதித்தனர். ஆதேன்ஸில் புரோஹேரேசியும், உரோமாபுரியில் விக்தோரீனும் ஆசிரியப் பதவியை விட்டு நீங்கினர். அப்பொல்லினாரி என்னும் பெயருடைய தந்தையும் மகனும் வேத வரலாறுகளையே கிரேக்கக் காப்பிய நாடக வடிவில் இயற்றத் தலைப்பட்டனர். அடுத்த ஆண்டே ஜூலியன் போரில் மாண்டனர். அவ்விதியும் பின்னர் நீங்கிற்று. செசரியா நகரத்துப் பசிலியார், தேனீயைப் போல மலர்களில் வேண்டுவதை எடுத்து ஏனையதை விட்டுவிடுமாறு இளைஞர்க்கு அறிவுரை எழுதினர். பழங் கிரேக்க நூல்கள் பல இன்று நம் கைக்கு எட்டியமைக்கு, அவற்றை எறிந்துவிடாது படியெடுத்த கிறிஸ்தவ எழுத்தரும் துறவியரும் ஒரு காரணமாவர்.

சோதனைக் காலம்

கி. பி. 250-இல் டீசியஸ் சக்கரவர்த்தி, குடிகள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அத்தாட்சிச்சீட்டு பெறவேண்டும் என்று ஆணையிட்டனர். அச்சீட்டுகளுள் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்து நாட்டு மணலினின்றும் எடுக்கப்பட்டுள்ளன. முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்தியும் சீட்டுப் பெற்றிருத்தலால், ஆணை ஒருவரையும் விடவில்லை என்று தெரிகின்றது. சிலர் உயிர் கொடுத்தனர், பலர் பலியிட்டனர், வேறு சிலர் பலியிடாமலே கைக்கூலி கொடுத்துச் சீட்டைப் பெற்றனர். புயல் ஓய்ந்தபின், வழுவியோரை மீண்டும் சேர்த்துக்கொள்வதா என்னும் வழக்கு சபைகளையே பிளந்தது. கார்த்தேஜின் அத்தியட்சர் சிப்பிரியன், உரிய பிராயச்சித்தத்தின் பின் சேர்த்துக்கொள்க என்னும் கட்சியைத் தழுவினர்.

அவ்வாண்டுகளில் கொடிய கொள்ளைநோயும் பரவிற்று. உற்றாரே நோயாளரைக் கைவிட்டோடிய அந்நாளில், சிப்பிரியன் தம்மவரைக் கூட்டி, நம்மவர்க்கு மட்டும் உதவுதலில் சிறப்பென்ன, நம்மைப் பகைப்போர்க்கும் உதவுக என்று தூண்டினர் என அவர் சரிதத்தை எழுதியவர் கூறுகின்றனர். சில ஆண்டுகளுக்குப்பின், கி. பி. 258 செப்டம்பர் 14-இல், அதே நகரில் சிப்பிரியன் சிரச்சேதம் செய்யப்பட்டனர். ஒரு நூற்றாண்டு கழித்து, பகைவரான ஜூலியனே, கலாத்தியா நாட்டுத் தலைமைப் பூசாரிக்கு எழுதுங்கால், கலிலேயர் தம் ஏழைகளோடு நம் ஏழைகளையும் காப்பாற்றுகின்றனர், நாமோ நம்மவரையே காப்பதில்லை என்று மனம் நொந்தனர். மாற்றார் வாயினின்றும் வரும் சான்றுக்கு மேற்பட்ட சான்று யாது?

அதிகாரம் கைக்கு வந்தபின்

கி. பி. 313-இல் கான்ஸ்டன்டைனும் லிசீனியும், கிறிஸ்தவர்க்கும் ஏனையோர்க்கும் தத்தம் சமய வழியில் நிற்கும் உரிமையைப் பொதுவாக அளித்தனர். அவ்வுரிமையை முன்னமே கோரியவர் தெர்த்துல்லியன். கி. பி. 212-ஐ ஒட்டி ஸ்கபுலா என்னும் அதிகாரிக்கு எழுதிய மடலில், தான் விரும்பியதை வணங்குதல் மனிதனுக்கு இயற்கையுரிமை என்றும், கட்டாயப்படுத்தல் சமயத்தின் இயல்பன்று என்றும் அவர் வாதித்தனர்.

ஆனால், காலச் சக்கரம் சுழன்றது. கி. பி. 380-இல் தியோடோசியஸ் முதலிய சக்கரவர்த்திகள் கிறிஸ்து சமயத்தின் ஒரு பிரிவையே யாவரும் தழுவவேண்டிய நெறியென அறிவித்தனர். உரோம மூதவையில் நின்ற வெற்றித் தெய்வத்தின் பலிபீடம் 382-இல் அகற்றப்பட்டது. 384-இல் நகராதிபதி சிம்மாக்கஸ் அதனை மீட்டுத்தர வேண்டி, அத்துணைப் பெரிய மறைபொருளை ஒரே பாதையால் அடைதல் கூடாது என்று உருக்கமாக விண்ணப்பித்தனர். மிலான் நகரத்து அம்புரோசியார் எதிர்த்தமையால் விண்ணப்பம் தள்ளப்பட்டது. 391-இல் பலிகள் சட்டத்தால் தடுக்கப்பட்டன. அதனை ஒட்டியே அலெக்சாந்திரியாவில் செராப்பிஸ் தெய்வத்தின் பெருங்கோயில் இடித்தழிக்கப்பட்டது. சிம்மாக்கஸ் வேண்டியதும் தெர்த்துல்லியன் வேண்டியதும் அடிப்படையில் ஒன்றே. சிறுபான்மையோராய் நின்று கேட்டபொழுது நீதியாகத் தோன்றியது, பெரும்பான்மையோராய் அமர்ந்து கேட்கப்பட்டபொழுது ஆபத்தாகத் தோன்றிற்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஆதிக் கிறிஸ்தவர் ஊரை வெறுத்து ஓடியவருமல்லர். ஊரிலே கரைந்து மறைந்தவருமல்லர் என்பது பெறப்படும். மொழி, உடை, வாணிகம், கல்வி, சங்க அமைப்பு ஆகியவற்றை ஊரினின்றும் கொண்டனர். பலி, களரிக்கூத்து, சிசுவை எறிதல் ஆகியவற்றில் உறுதியாக விலகினர். இடைப்பட்ட விஷயங்களில் தமக்குள்ளேயே வழக்காடினர். அவ்வழக்கில் இளகியவரும் இறுகியவரும் ஒரே சபையுள் இருந்தமையே அச்சமூகம் நிலைத்தமைக்கு ஒரு காரணம் என்பது நமது கருத்து.

ஒரு சமூகத்தின் தரத்தை அளக்க இரண்டு கோல்கள் உண்டு. எளியராயிருந்த காலத்தில் அயலாரிடம் எவ்வாறு நடந்தனர் என்பது ஒன்று. வலியரான காலத்தில் எவ்வாறு நடந்தனர் என்பது மற்றொன்று. கொள்ளைநோயிற் பகைவரையும் பேணிய கைகள் முதற்கோலால் உயர்ந்து நிற்கின்றன. செராப்பிஸ் கோயிலை இடித்த கைகள் இரண்டாங் கோலால் தாழ்ந்து நிற்கின்றன. சங்கமாய்க் கூடியுள்ள நாம் நம் பொதுப்பெட்டியின் கணக்கைப் புரட்டும்பொழுதெல்லாம் இவ்விரு கோல்களையும் மறவாதிருப்போமாக.